பொருந்தாத பியூஃபோர்ட்டைப் பொருத்துவது

பிளாஸ்டிக் மாதிரி விமானப் பெட்டியைத் திறந்ததும், பேசாமல் மூடிவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. செட்டையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்த்துப் பிடித்தால் இடையில் ஒரு ரூபாய்க் குற்றி போய் வந்தது. உடலின் இடது பாதி வலது பாதியைவிடச் சற்று நீளம். கண்ணாடிப் பாகங்கள் கஞ்சித்தண்ணி நிறம். அறிவுறுத்தல் தாளில் ஓர் அம்புக்குறி. அது காட்டும் இடத்தில் துளையும் இல்லை, அடையாளமும் இல்லை.

லண்டனிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த, பாகங்களை ஒட்டிச் செய்யும் கிட் அது. "மலிவாக் கிடந்தது, உனக்கெண்டு வாங்கினனான்" என்றார். மலிவுக்குக் காரணம் அவருக்குத் தெரியாது. செய்த கம்பனியின் பெயரை நான் சொல்லவில்லை. இந்த மாதிரிக் கிட்டுகளைப் பலர் செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

விமானம் பிரிஸ்டல் பியூஃபோர்ட், 1/72 அளவு, அதாவது உண்மை விமானத்தில் 72இல் ஒரு பங்கு. இரட்டை என்ஜின், நான்கு பேர் போகும் டோர்ப்பிடோ விமானம். முதலில் பறந்தது 1938 ஒக்டோபரில். நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வவுனியா. 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய பிறகு, பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்கள் பியூஃபோர்ட்டுகளோடு இலங்கையில் நிலைகொண்டிருந்தன. வவுனியா ஓடுபாதையிலும் இருந்தன. பரந்தனில் இருக்கிற எனக்கு அது பஸ்ஸில் போய்வரும் தூரம். அம்மாவுக்கு இந்தக் கதை எடுபடவில்லை. "குண்டு போடுறதுதானே?" என்று மட்டும் கேட்டா. மண்டபத்தில் வைக்க விடமாட்டா என்று அப்போதே விளங்கிவிட்டது.

பெரிய கம்பனிகள் உருக்கு அச்சில் உயர் அழுத்தத்தில் பிளாஸ்டிக்கை ஊற்றுகின்றன. சிறிய தொகையாகச் செய்கிறவர்களுக்கு அந்தச் செலவு கட்டாது. மென்மையான உலோகத்திலோ ரெசினிலோ அச்சுச் செய்து, குறைந்த அழுத்தத்தில் ஊற்றுவார்கள். அதனால்தான் பாகங்கள் தடிப்பு, ஓரங்களில் பிசிறு, இணைக்கும் முளைகள் இல்லை. பிழை உங்கள் கையில் இல்லை, அச்சில். இந்தக் கிட்டை லெகோ மாதிரிப் பொருத்தப் போனால் அழுகைதான் வரும். நொருங்கிய காரை ரிங்கரிங் செய்கிற மாதிரி அணுகுங்கள்.

முதலில்: கழுவுதல், அளத்தல்

பாகங்கள் அச்சிலிருந்து கழன்று வருவதற்காக ஓர் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அது கிடந்தால் பசையும் பிடிக்காது, பெயின்டும் பிடிக்காது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். கண்ணாடிப் பாகங்களை மட்டும் விரலால் கழுவுங்கள்.

காய்ந்ததும் அடிமட்டத்தை எடுங்கள். உண்மையான பியூஃபோர்ட்டின் செட்டை அகலம் 17.63 மீற்றர். 72ஆல் பிரித்தால் ஏறத்தாழ 24.5 சென்ரிமீற்றர். நீளம் 18.7 சென்ரிமீற்றர் அளவில் வரவேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடக்குறைய இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் உடலின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று நீளம் வித்தியாசமென்றால், எந்த முனையில் வெட்டப் போகிறீர்கள் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். கண்ணாடி மூக்கை மற்றப் பாகங்களோடு பொருத்தவேண்டியிருப்பதால் நான் வால் பக்கத்தில் அரவினேன்.

வெட்டல், சுரண்டல்

சட்டத்தோடு பாகம் இணைந்திருக்கும் காம்பு இந்தக் கிட்டுகளில் பென்சில் தடிப்பு. முறுக்கிப் பிடுங்கவே வேண்டாம், பாகத்தில் ஒரு துண்டும் சேர்ந்து வரும். நகவெட்டியால் இரண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேயுங்கள். பிசிறுகளை கட்டர் பிளேட்டைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டினால் போதும், சீவ வேண்டியதில்லை.

செட்டையின் பின் ஓரம்தான் எல்லாரும் விடுகிற இடம். என் கிட்டில் அது ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. சின்னதாகத் தெரியும். 1/72இல் ஒரு மில்லிமீற்றர் என்பது உண்மை விமானத்தில் 7.2 சென்ரிமீற்றர், கதவு நிலை மாதிரி ஓரத்தோடு எந்த விமானமும் பறந்ததில்லை. ஒட்டுவதற்கு முன், நனைத்துத் தேய்க்கும் அரத்தாளான வோட்டர் பேப்பரை ஒரு மாபிள் துண்டில் விரித்து, இரு பாதிகளின் உட்பக்கத்தைத் தேயுங்கள். ஒட்டிய பிறகு வெளியிலிருந்து தேய்த்தால் மேலிருக்கும் தகடு இணைப்புக் கோடுகளெல்லாம் போய்விடும். உட்பக்கத்தில் சின்னச் சின்னக் குற்றிகள் நிற்கும், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிட்ட இடங்கள் அவை. அவற்றையும் மட்டமாக வெட்டுங்கள். செட்டை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்குப் பெரும்பாலும் அவைதான் காரணம்.

வளைந்த பாகம் இருந்தால் நல்ல சூட்டுத் தண்ணீரில், ஆனால் கொதிக்காத தண்ணீரில், ஒரு நிமிடம் வைத்து மெதுவாக நிமிர்த்தி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பொலிஸ்டைரீன் 100 பாகைக்குக் கிட்டவே இளகிவிடும். கொதிநீரில் போட்டால் பப்படம்தான்.

பசையில்லாமல் பொருத்திப் பார்த்தல்

மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குப் போகவேண்டும். மாஸ்கிங் டேப்பால் முழு விமானத்தையும் கட்டிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே படி என்று பென்சிலால் பாகத்திலேயே குறியுங்கள். பிறகு கழற்றித் தேயுங்கள், திரும்பக் கட்டுங்கள். நான் உடலை மட்டும் பதினொரு தரம் கட்டினேன்.

முளைகள் இல்லாத இடத்துக்கு நாமே நாக்கு வைக்கவேண்டும். யோகட் கப்பின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்டைரீன், கிட்டின் அதே பிளாஸ்டிக். அதைச் சிறு பட்டிகளாக வெட்டி, உடலின் ஒரு பாதியின் உள் ஓரத்தில் பாதி வெளியே நிற்கும்படி ஒட்டினால் மற்றப் பாதி அதன்மேல் வந்து அமரும்.

ஒட்டும்போது ஒரேயடியாக முழுவதையும் ஒட்டாதீர்கள். வாலிலிருந்து தொடங்கி ஐந்து சென்ரிமீற்றர் ஒட்டி, உடுப்புக் கிளிப் போட்டு, காயவிட்டு, அடுத்த ஐந்து. பிளாஸ்டிக் சிமென்ட் கிடைக்கவில்லையென்று ஹார்ட்வெயாரில் பைப் ஒட்டும் கம் வாங்கிவிடாதீர்கள், மெல்லிய பாகங்களைத் தின்றுவிடும். செட்டை ஒட்டும்போது இரு நுனிகளுக்கும் அடியில் ஒரே எண்ணிக்கையில் நெருப்புப்பெட்டிகளை அடுக்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்காது.

இடைவெளி அடைத்தல்

சிறு இடைவெளிக்கு சுப்பர் குளூவும் அப்பச்சோடாவும். வெடிப்பில் சோடாவைத் தூவி, ஊசி நுனியால் ஒரு துளி குளூ விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் கல்லாகிவிடும். மூச்சை மறுபக்கம் திருப்பிக்கொள்ளுங்கள், புகை கண்ணைக் கரிக்கும். அரை மணித்தியாலத்துக்குள் தேய்த்துவிடுங்கள். நாளைக்கென்று விட்டால் அது பிளாஸ்டிக்கைவிட இறுகிவிடும், பிறகு சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும்.

பெரிய பள்ளத்துக்கு கராஜில் காரின் நெளிவை அடைக்கப் பூசும் கட்டலோய். சட்டத் துண்டொன்றில் பூசிச் சோதித்துவிட்டு, மெல்லிய பூச்சாகப் போடுங்கள். தடிப்பாகப் போட்டால் அடியிலுள்ள பிளாஸ்டிக் இளகக்கூடும்.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டலோயை வழுவழுப்பாக்க கியூட்டெக்ஸ் ரிமூவரைத் தொட்டுத் துடைத்தேன். அதில் அசிற்றோன் இருந்தது. வாலின் ஒரு மூலை வெயிலில் விட்ட மெழுகுதிரி மாதிரிச் சாய்ந்தது. யோகட் கப்பில் புது மூலை செய்து ஒட்டவேண்டி வந்தது.

விரலால் பார்த்தல்

வோட்டர் பேப்பர் 400, பிறகு 800, பிறகு 1200; இலக்கம் கூடக் கூட மென்மை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். லைட்டில் பிடித்துப் பார்த்தால் இணைப்புக் கோடே இல்லை. பெருமையோடு கட்டலோய் வாங்கிய கராஜுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். பெயின்ட் அடிக்கிற அண்ணை கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். பார்க்கவில்லை. கண்ணை வாசல் பக்கம் விட்டுக்கொண்டு, பெருவிரலை முதுகு நீளத்துக்கு ஓட்டினார். இரண்டு இடத்தில் விரல் நின்றது.

"கண் பொய் சொல்லும் தம்பி. விரலால பார்."

நான் தடவினேன். எனக்கு ஒன்றும் படவில்லை. அவர் என் பெருவிரலைப் பிடித்து, நகத்தின் ஓரத்தைக் குறுக்கே இழுத்தார். டிக். மயிர் தடிப்பில் ஒரு படி.

பிறகு ஸ்பிரே கானை எடுத்து, எட்டத்திலிருந்து கறுப்பைப் பனி மாதிரித் தூவினார். காய்ந்ததும் 800 பேப்பரால் இரண்டு இழுப்பு. மேட்டில் கறுப்பு போனது, பள்ளத்தில் கறுப்பு நின்றது. காரின் கதவுக்குச் செய்கிற அதே வேலை. கறுப்பு நிற்கும் இடத்துக்கு இன்னும் கொஞ்சம் கட்டலோய், திரும்பத் தூவல், திரும்பத் தேய்ப்பு. எங்கேயும் கறுப்பு தங்காமல் போகும்வரை. இதற்கு எனக்கு மூன்று பின்னேரங்கள் போயின. தேய்ந்துபோன கோடுகளை, தடித்த லேபல் டேப்பை அளவாக ஒட்டி, தையல் ஊசியால் மெல்லக் கீறித் திரும்பப் போட்டேன்.

கண்ணாடி

மங்கலான கண்ணாடியை 1200க்கு மேற்பட்ட பேப்பரால் ஈரமாகத் தேய்த்து, பற்பசை தொட்ட சீலையால் கால் மணித்தியாலம் உரசுங்கள். கஞ்சித்தண்ணி தேத்தண்ணியாகவாவது தெளியும். சுப்பர் குளூவைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி பட்டாலே வெள்ளைப் புகார் படியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைண்டர் கம் போதும், காய்ந்தால் தெரியாது.

பெயின்ட்

வன்னியில் பெயின்டுக்கு நேரம் பார்க்கவேண்டும். மாரியில் ஸ்பிரே அடித்தால் ஈரக்காற்றில் வெண்படலம் பூக்கும். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் றோட்டின் தூசி முழுக்க வந்து ஒட்டும். விடியற்காலை, காற்று எழும்ப முன், பனியும் இல்லாத நாள். அடித்தவுடன் ஒரு பெரிய சோற்றுப்பானையைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். பானையை அம்மா தேடுவதற்கு முன் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு.

தண்ணீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் பற்றி ஒரு விஷயம். பெட்டியில் வந்த வட்டச் சின்னத்தின் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பான் விமானத்தின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமலிருக்க, இந்தப் பக்கப் பிரித்தானிய விமானங்களில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். நான் சிவப்பின்மேல் வெள்ளைப் பொட்டு வைத்தேன். பழைய ஸ்டிக்கர் தண்ணீரில் போட்டதும் பொடிந்துவிடும், முன்னதாகவே தாளின்மேல் மெல்லியதாகத் தெளிவு வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

கடைசியாக அன்ரெனா. மிஞ்சிய சட்டத் துண்டை மெழுகுதிரிக்கு மேல் சுழற்றி, பளபளத்ததும் வெளியே எடுத்து இழுத்தால் தலைமயிர் தடிப்பில் நூல் வரும்.

முடித்ததை கராஜுக்குக் கொண்டுபோனேன். அண்ணை கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு பெருவிரலை ஓட்டினார். மேல் துப்பாக்கிக் கூண்டுக்குப் பின்னால் விரல் நின்றது.

"இஞ்ச ஒண்டு கிடக்கு, தம்பி."

"கிடக்கட்டும் அண்ணை" என்றேன்.