வகுப்பறைத் தொழில்நுட்பம் வீட்டுக்குள் வந்து உட்காராமல் இருக்க

புதுக் கருவி என்றாலே கை துறுதுறுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு பொதுச் சிக்கல் உண்டு. வகுப்பில் அந்தக் கருவி ஓடுவது இருபது நிமிடம்; அதற்காக வீட்டில் போவது இரண்டு மணி நேரம். ஸ்லைடில் எழுத்துகளைப் பறக்கவிடுவது, வீடியோவை வெட்டி ஒட்டுவது, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பெற்றோருக்குப் பதில் என்று வேலை மெல்ல வீடுவரை வந்துவிடுகிறது. ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதை எதில் செலவிடுவது என்பதில் கறாராக இருந்தால் போதும்.

புதிதாக எதையாவது எடுக்கும் முன் மூன்று கேள்விகள். ஒரு பாடவேளை முடிந்து அடுத்தது தொடங்கும் மூன்று நான்கு நிமிடத்துக்குள் இதை மாட்டி ஓடவைக்க முடியுமா? இணையம் போனால் பாடம் நின்றுவிடுமா? ஒருமுறை செய்ததை அடுத்த பிரிவுக்கும் அடுத்த ஆண்டுக்கும் அப்படியே எடுத்துப்போக முடியுமா? இவற்றில் இரண்டுக்காவது நல்ல பதில் வராவிட்டால், எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் தள்ளிவைத்துவிடுங்கள். ஒரு பருவத்துக்கு ஒரு புதுக் கருவி மட்டும். இரண்டு சேர்ந்தால் எது கோளாறு செய்கிறது என்று தேடுவதிலேயே பாடவேளை போய்விடும்.

புரொஜெக்டர்: மணி அடிப்பதற்குள் படம்

நேரத்தைத் தின்பதில் முதலிடம் இதற்குத்தான். ஆனால் பெரும்பாலான தொல்லை ஒரே நாளில் தீர்க்கக்கூடியது. முதலில் இடம். கருவியின் கையேட்டில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். சுவருக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது அது. எண் 1.5 என்றால், 2 மீட்டர் அகலப் படத்துக்கு 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். 0.5 என்றால் 1 மீட்டர் போதும். உங்கள் நிழலும் படத்தில் அவ்வளவாக விழாது. சரியான இடம் கிடைத்ததும் மேசைக்கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். தினமும் இழுத்து இழுத்துச் சரிசெய்யும் வேலை அன்றோடு முடிந்தது.

படம் மேலே அகன்று கீழே குறுகினால் பலரும் உடனே கீஸ்டோன் பொத்தானை அழுத்துகிறார்கள். அது படத்தைச் செவ்வகமாக்குவது புள்ளிகளைச் சுருக்கித்தான். சின்ன எழுத்துகள் மங்கும். கருவியைச் சுவருக்கு நேராகத் திருப்பி, உயரத்தைச் சரிசெய்துவிட்டு, மிச்சம் இருக்கும் சாய்வுக்கு மட்டும் கீஸ்டோனைத் தொடுங்கள்.

படம் வராவிட்டால் பார்க்கும் வரிசை இது: புரொஜெக்டரில் சோர்ஸ் சரியான போர்ட்டில் இருக்கிறதா, விண்டோஸ் விசையோடு பி-யை அழுத்தினால் எந்த முறை தேர்வாகியிருக்கிறது, அதன் பிறகுதான் கேபிள். கேபிளிலும் இரண்டு பொறிகள் உண்டு. சாதாரண ஹெச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரலாம். சிக்னலைப் பெருக்கும் ஆக்டிவ் கேபிள் வாங்கினால் அதற்குத் திசை உண்டு. எந்த முனை கணினிக்கு, எந்த முனை திரைக்கு என்று முனையிலேயே அச்சிட்டிருப்பார்கள். மாற்றிச் செருகினால் ஒன்றும் வராது. இரண்டாவது, யூஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அதில் படம் வெளியே வரும் என்று நம்பி அடாப்டர் வாங்கிவிடாதீர்கள். பல மடிக்கணினிகளிலும் விலை குறைந்த போன்களிலும் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்புக்கும் மட்டுமே.

ஒலி கேட்கவில்லை என்றால், ஹெச்டிஎம்ஐ மாட்டியதும் கணினி ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டது என்று பொருள். திரையின் ஓரத்திலுள்ள ஒலிபெருக்கிச் சின்னத்தில் வெளியீட்டை மாற்றினால் போதும். விஜிஏ கேபிளில் ஒலி போகவே போகாது. அதற்குத் தனி ஆடியோ வயர் வேண்டும்.

கற்றுக்கொள்ள வேண்டிய பொத்தான்கள் இரண்டே. ரிமோட்டில் இருக்கும் ஃப்ரீஸ் திரையில் உள்ள படத்தை அப்படியே நிறுத்திவைக்கும். நீங்கள் கணினியில் அடுத்த கோப்பைத் தேடலாம். பவர்பாயிண்டில் ஸ்லைடு ஓடும்போது பி விசை திரையைக் கருப்பாக்கும், மறுபடி அழுத்தினால் படம் திரும்பும். மாணவர் கண் திரையிலிருந்து உங்கள் பக்கம் திரும்ப அதைவிட எளிய வழி இல்லை.

விண்டோஸ் விசையோடு பி அழுத்தித் தேரும் முறையில் ஒரு கவனம். டூப்ளிகேட் என்றால் உங்கள் திரை முழுவதும் வகுப்புக்குத் தெரியும்: மதிப்பெண் பட்டியல், குடும்பக் குழுவில் வந்த செய்தி, எல்லாமும். எக்ஸ்டெண்டில் வைத்துப் பழகுங்கள். பாடம் மட்டும் சுவருக்குப் போகும். அறிவிப்புகளை நிறுத்தும் டூ நாட் டிஸ்டர்பையும் வகுப்பு நேரத்துக்குத் தானாக இயங்கும்படி ஒருமுறை அமைத்துவிடலாம்.

புதிதாகக் கருவி வாங்குவதானால் வெளிச்ச அளவை ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ தரநிலைப்படி அளந்த லூமென்ஸில் கேளுங்கள். வெறும் லூமென்ஸ் என்று பெரிய எண் போட்டு விற்கும் மலிவுக் கருவிகள் இருட்டறையில் மட்டுமே தேறும். விளக்கு எரியும் வகுப்பறைக்கு 3000-க்குக் குறையாமல் இருப்பது நல்லது.

பழைய போனே டாக்குமென்ட் கேமரா

ஸ்லைடு தயாரிக்கும் நேரத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தக்கூடியது, மேசையில் உள்ள தாளை அப்படியே சுவரில் காட்டும் இந்தக் கேமராதான். தாளில் கையால் எழுதிக்கொண்டே கணக்குப் போடலாம், மாணவரின் நோட்டை அப்படியே பெரிதாக்கிக் காட்டித் திருத்தலாம், பாடநூல் படத்தின்மீது விரல் வைத்து விளக்கலாம். முந்தைய இரவில் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அன்றாடம் பயன்படுத்தும் போன் வேண்டாம். சிம் இல்லாத பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அழைப்பு வராது, சொந்தப் படங்கள் சுவரில் தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. கணினியில் போன் திரையைக் காட்டும் ஸ்கிரீன் காப்பி (எஸ்சிஆர்சிபிஒய்) என்ற இலவச மென்பொருளுக்கு, கணினி வயர் வழியே போனை இயக்க அனுமதிக்கும் யூஎஸ்பி டீபக்கிங் இயங்க வேண்டும். அமைப்புகளில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், உள்ளே அது இருக்கும். இதைத் திறந்துவைத்த போனில் சில வங்கிச் செயலிகள் இயங்க மறுக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் மேக் கணினியில் குயிக்டைம் பிளேயரின் வீடியோ பதிவுப் பகுதியில் போனைக் கேமராவாகத் தேர்ந்தெடுக்கலாம்.

வயர் இல்லாமல் வைஃபையில் திரையைக் காட்டும் வழிகளும் உண்டு. வகுப்பறைக்கு அவற்றைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. எழுதுவதற்கும் தெரிவதற்கும் இடையில் தாமதம் விழும். பள்ளி வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவிடாத பாதுகாப்பு இருந்தால் இணைப்பே கிடைக்காது. யூஎஸ்பி வயரில் இரண்டும் இல்லை, சார்ஜும் ஏறும்.

போனைத் தாளுக்கு 35 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், தரைக்கு இணையாகப் பிடிக்கும் தாங்கியில் வையுங்கள். கிடைமட்டமாக வைத்த ஏ4 தாள் (29.7 × 21 செ.மீ.) முழுதாக அடங்கும். தாளின் நான்கு மூலைகளையும் மேசையில் டேப்பால் குறித்துவிட்டால் அடுத்தடுத்த தாள் அதே இடத்தில் விழும்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் நான்கு இடத்தில். போன் படுத்திருப்பதால் எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியாமல் படம் சுழன்றுகொண்டே இருக்கும். கேமராவைத் திறந்து, போனை நிமிர்த்திச் சரியான திசைக்குக் கொண்டுவந்து, ரொட்டேஷன் லாக் போட்டபின் தாங்கியில் படுக்கவையுங்கள். கை குறுக்கே வரும்போதெல்லாம் ஃபோகஸ் அலைந்தால், தாளில் உள்ள எழுத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். வெள்ளைத் தாள் சாம்பல் நிறமாகத் தெரிவது, கேமரா அதைக் கூடுதல் வெளிச்சம் என்று நினைத்துக் குறைத்துக்கொள்வதால். எக்ஸ்போஷரைச் சற்று ஏற்றுங்கள், +0.7 அல்லது +1 போதும். நிழல்: வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கத்திலிருந்து சாய்வாக விழ வேண்டும், இடக்கைக்காரருக்கு எதிர்ப்பக்கம். பளபளப்புத் தாளில் அச்சான பாடநூல் கண்ணைக் கூசினால் விளக்கை இன்னும் தாழ்வாகச் சரியுங்கள். பென்சில் எழுத்து கடைசி பெஞ்சுக்குப் போகாது, 0.7 மில்லிமீட்டர் ஜெல் பேனாவோ அதைவிடத் தடித்த ஸ்கெட்ச் பேனாவோ வேண்டும்.

திருத்தும் மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல்

வாராந்திரச் சிறுதேர்வுகளைக் கூகுள் ஃபார்ம்ஸில் வினாடி வினாவாக மாற்றி, விடைக்குறிப்பை ஒருமுறை கொடுத்தால் திருத்தம் தானாக நடக்கும். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறுவிடையைத் தட்டச்சு செய்யச் சொன்னால், ஏற்கக்கூடிய ஒவ்வொரு வடிவத்தையும் நீங்கள் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். ஓர் ஒற்று விட்டுப்போனாலும் தவறு என்றே காட்டும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாய்த் திருத்தினால் மிச்சப்பட்ட நேரம் திரும்பப் போய்விடும். உழைப்பைத் தவறான விடைகளை எழுதுவதில் போடுங்கள். ஒவ்வொரு தவறான விடையும் மாணவர் வழக்கமாகச் செய்யும் ஒரு பிழையிலிருந்து வந்திருந்தால், யார் எங்கே சறுக்குகிறார் என்பது பதில் வரைபடத்திலேயே தெரிந்துவிடும்.

மாணவரிடம் கருவி இல்லாத வகுப்புக்குப் பிளிக்கர்ஸ் என்ற செயலி பொருத்தம். ஆளுக்கு ஒரு அட்டை; அதிலுள்ள கருப்பு வெள்ளை உருவம் ஒவ்வொருவருக்கும் வேறு. ஏ, பி, சி, டி-யில் எது விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். உங்கள் போன் கேமரா வகுப்பை ஒருமுறை சுற்றிவந்தால் எல்லா விடையும் பதிவாகும். அட்டைகளைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள். விளக்கொளி பட்டால் கேமரா படிக்காது. கருப்புப் பகுதியை விரல் மறைத்தாலும் அப்படித்தான். ஓரத்தை மட்டும் பிடிக்கப் பழக்குங்கள். முதல் வகுப்பில் அமர்க்களமாக இருக்கும், மூன்றாவதில் அடங்கிவிடும்.

ஸ்லைடு, எழுத்துரு, பதிவு

தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு வேறு கணினியில் திறந்தால் புரியாத ரோமன் எழுத்துக் குவியலாகிவிடும். யூனிகோடில் மட்டும் தட்டச்சு செய்யுங்கள். பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றியபின் ஒகர, ஓகாரங்களை ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். ஸ்லைடோடு ஒரு பிடிஎஃப் நகலும் பென்டிரைவில் இருந்தால் எந்தக் கணினியிலும் எழுத்து சிதறாது. எழுத்தளவு 28-க்குக் கீழே இறங்க வேண்டாம். அசைவூட்டம் எதற்கு என்று கேட்டுப் பதில் வராவிட்டால் எடுத்துவிடுங்கள். அதற்குப் போகும் நேரத்தை வகுப்பில் யாரும் கவனிப்பதில்லை.

பாடத்தைப் பதிவு செய்வதானால் ஒரு கருத்துக்கு ஒரு வீடியோ, ஐந்தாறு நிமிடம். மின்விசிறியை அணைத்துவிட்டு, இயர்போன் மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் போதுமான ஒலி கிடைக்கும். 720பி தரம் பலகை எழுத்துக்குத் தாராளம், கோப்பும் சிறிது. பேச்சு தடுமாறினால் பதிவை நிறுத்தாதீர்கள். ஒருமுறை கைதட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். வெட்டும்போது ஒலி வரைபடத்தில் கைதட்டல் கூர்மையாக எழும்பி நிற்கும், முழுவதையும் கேட்காமல் அந்த இடங்களுக்கு நேரே போகலாம்.

பெற்றோர், போன், வீடு

பள்ளிக்கென்று தனி எண் இல்லாமல் பெற்றோர் குழு தொடங்க வேண்டாம். அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டால் வேலை நேரத்தைக் குறிப்பிட்டு, மற்ற நேரத்தில் வரும் செய்திக்குத் தானியங்கிப் பதில் அமைக்கலாம்: "செய்தி கிடைத்தது. பள்ளி நாளில் மாலை 4 முதல் 5 மணிக்குள் பதில் தருகிறேன்." குழுவில் அட்மின் மட்டுமே செய்தி அனுப்பும்படி அமைப்பை முதல் நாளே மாற்றுங்கள், பிறகு மாற்றினால் மனத்தாங்கல் வரும். சாதாரணக் குழுவில் ஒவ்வொரு பெற்றோரின் எண்ணும் மற்றவருக்குத் தெரியும். வாட்ஸ்அப்பின் கம்யூனிட்டி வசதியில் உள்ள அறிவிப்புப் பகுதியில் அது மற்ற பெற்றோருக்கு மறைந்திருக்கும். இரவு ஒரு யோசனை தோன்றினால் எழுதிவையுங்கள், அனுப்பாதீர்கள். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. பத்தரை மணிக்கு நீங்களே ஒருமுறை பதில் போட்டுவிட்டால் மேலே சொன்ன ஏற்பாடு எதுவும் நிற்காது.

மாணவர் படங்களைச் சொந்தப் போனில் எடுத்தால் அவை தானாகவே உங்கள் குடும்பப் புகைப்படக் கணக்கில் ஏறிவிடக்கூடும். அதற்கும் அந்தப் பழைய போனே சரி. வீட்டுக் கணினியைப் பிள்ளைகளோடு பகிர்பவர்கள் பள்ளி வேலைக்குத் தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் பாதுகாப்பாக இருக்கும். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறுவதே அன்றைய வேலை முடிந்ததற்கான அடையாளமும் ஆகும். கருவிகளோடு விளையாடிப் பார்க்கும் ஆசைக்கு வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம் என்று வீட்டில் சொல்லிவைத்து ஒதுக்குங்கள். அதைத் திருட்டுத்தனமாகத் தினமும் அரைமணி செய்வதுதான் சண்டையில் முடியும். சொந்தப் பணத்துக்கும் ஆண்டுக்கு ஒரு வரம்பு வைத்து, தாங்கி, நல்ல கேபிள், மைக் என்ற வரிசையில் வாங்குங்கள். தொடுதிரைப் பலகை போன்றவை பள்ளி வாங்க வேண்டியவை.

ஆண்டு முடிவில் ஒரு மணி நேரம் துப்புரவுக்கு. ஒவ்வொரு ஃபார்ம்ஸையும் நகலெடுத்தால் கேள்விகள் மட்டும் வரும், பதில்கள் வராது. நகலை அடுத்த ஆண்டுக் கோப்புறையில் போட்டு, மதிப்பெண்ணைப் பள்ளிப் பதிவில் ஏற்றியபின் பழையதை நீக்குங்கள். பெற்றோர் குழுவில் நன்றி சொல்லிக் கலைத்துவிடுங்கள். பழைய போனில் உள்ள மாணவர் படங்களை அழித்து, பேட்டரியைப் பாதி சார்ஜில் விட்டு அணைத்துவையுங்கள். முழுச் சார்ஜிலோ காலியாகவோ மாதக்கணக்கில் கிடந்தால் பேட்டரி கெடும்.