பின்வளவில் எரிவாயுத் தீக்குழி அமைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டொரண்டோ மாநகரில் வீட்டுப் பின்வளவில் விறகு எரிக்கும் தீக்குழிக்கு அனுமதி இல்லை. சான்றளிக்கப்பட்ட எரிவாயுச் சாதனங்களுக்கு உண்டு என்பதால், கோடை தொடங்கியதும் பலர் வட்டமாகக் கல்லடுக்கி, நடுவே ஒரு பர்னரைப் பொருத்தி, ‘ஃபயர் பிட்’ எனப்படும் எரிவாயுத் தீக்குழியைத் தாமே அமைக்க முற்படுகிறார்கள். அப்போது சுடர் எவ்வளவு உயரம் எழும், வேலிக்கும் மரக்கிளைக்கும் வெப்பம் எட்டுமா என்பதிலேயே எல்லோருடைய கவனமும் நிற்கிறது. அந்தக் கவனமும் வேண்டியதுதான். ஆயினும் கண்ணுக்குத் தெரியும் சுடரைவிட, எரியாமல் கசிந்து கற்சுவருக்குள் தேங்கி நிற்கும் வாயுவே எனக்குப் பெரிய அச்சத்தைத் தருகிறது.

சிலிண்டரில் வரும் புரொப்பேன் வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. ஊரில் அடுப்படிச் சிலிண்டர் கசிந்தபோது வாயு தரையோடு படர்வதை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆனாலும் அதே மனிதர்கள் இங்கே சிலிண்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்க விரும்பி, நாற்புறமும் இடைவெளியின்றிக் கல்லும் சாந்தும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். இணைப்பு ஒன்றில் மெல்லிய கசிவு ஏற்பட்டாலும் அந்த அறைக்குள் வாயு நிரம்பும். அடுத்து எழும் ஒரு பொறி கல்லையே பெயர்த்து எறியக்கூடும். எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு காற்றுத் துளைகள் வேண்டும். ஒவ்வொன்றும் 18 சதுர அங்குலமாவது இருக்க வேண்டும் என்று பல உற்பத்தியாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் சாதனத்தின் கையேடு கூடுதலாகக் கேட்டால் அதையே பின்பற்ற வேண்டும். புரொப்பேனுக்குத் துளைகள் அடித்தரையை ஒட்டி இருந்தாக வேண்டும். மேலே மட்டும் துளை வைத்துவிட்டு அடியில் மூடுவது, துளையே வைக்காததற்குச் சமம். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது என்பதால், அதற்கு மேற்பகுதியிலும் வெளியேற வழி தேவைப்படும். தீக்குழிக்கு இடம் தெரிவு செய்யும்போது பேஸ்மென்ட் ஜன்னலின் வெளிப்புறப் பள்ளத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கசிந்த புரொப்பேன் தாழ்வான இடத்தைத் தேடித்தான் போகும்.

இரண்டு வாயுக்களையும் ஒன்றென எண்ணி இணைப்பதும் அடிக்கடி நேரும் பிழை. ஒரு கன அடி இயற்கை எரிவாயு சுமார் 1,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தருகிறது, அதே அளவு புரொப்பேன் ஏறத்தாழ 2,500 தருகிறது. ஆகவே இயற்கை எரிவாயுப் பர்னரின் வாயுத் துவாரம் அகலமாகவே செய்யப்பட்டிருக்கும். அதில் புரொப்பேனை விட்டால் சுடர் கட்டுக்கு மீறி எழுந்து கரியைக் கக்கும். ரெகுலேட்டர் விடயத்திலும் இதே கவனம் வேண்டும். வெயில் நாளில் சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்னும் அழுத்த அலகு) தாண்டும், தீக்குழிப் பர்னர்கள் பலவற்றுக்குத் தேவைப்படுவதோ 0.4 பி.எஸ்.ஐ. அளவே. பெரிய கிடாரத்தில் சமைப்பதற்கு வாங்கிய உயர் அழுத்த ரெகுலேட்டர் வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்து மாட்டிவிடக் கூடாது.

ஆற்றங்கரையில் பொறுக்கிய வழுவழுப்பான கற்களைப் பர்னர்மேல் பரப்பாதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் சூட்டில் நீராவியாகி, கல்லைச் சில்லுகளாக வெடிக்கச் செய்யும். எரிமலைக் கல்லும், இதற்கெனவே பதப்படுத்திய கண்ணாடித் துண்டுகளுமே ஏற்றவை. அவற்றையும் அளவுக்கு மீறிக் குவித்தால் வாயு மேலே வரத் தடையுண்டாகி, சுடர் கீழ்நோக்கித் திரும்பும்.

டொரண்டோ அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தில் எரிவாயுக் குழாய் இணைப்பு வேலையை, எரிபொருள் பாதுகாப்பைக் கண்காணிக்கும் டி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பின் சான்று பெற்ற தொழில்நுட்பரே செய்ய வேண்டும். நிலத்தைத் தோண்டுமுன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவையை அழைத்து, நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் அடையாளமிடச் செய்வதும் சட்டப்படி கட்டாயம். தண்ணீருக்குப் பயன்படும் பி.வி.சி. குழாயில் எரிவாயுவைக் கொண்டுபோவது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. இவ்வளவையும் தொழில்நுட்பரிடம் ஒப்படைத்த பிறகும், வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். தீக்குச்சியைக் கொளுத்திக் கசிவு தேடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருப்பது மிகுந்த வருத்தத்துக்குரியது. எரியும்போது விசில் போன்ற ஒலி கேட்டால், நெளிகுழாய் கூர்மையாக மடிந்திருக்கலாம் அல்லது அதன் விட்டம் போதாதிருக்கலாம்.

பற்றவைக்கும் தருணத்தில் நேரும் தவறு ஒன்று உண்டு. முதல் முயற்சியில் தீப்பிடிக்காவிட்டால், வால்வைத் திறந்தபடியே விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துகிறார்கள். அதற்குள் குழியில் சேர்ந்த வாயு முழுவதும் ஒரே கணத்தில் பற்றி முகத்தை நோக்கி எழும். வால்வை மூடி, ஐந்து நிமிடமாவது காத்திருந்து, மணம் அகன்ற பின்னரே மறுபடி முயல வேண்டும். அப்போதும் குழியின்மேல் குனியாமல் பக்கவாட்டில் நின்று பற்றவைக்க வேண்டும்.

பனிக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த தீக்குழியை மே மாதத்தில் அப்படியே திறந்து எரிப்பது வேறொரு ஆபத்து. வாயுவும் காற்றும் கலக்கும் குழலுக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தால், வாயு முன்னே செல்ல வழியின்றிப் பின்னோக்கிக் கசிந்து பர்னருக்கு அடியில் தீப்பிடிக்கும். பர்னர்த் தட்டின் வடிகால் துளைகள் இலையும் சேறும் அடைத்துக் கிடந்தால், பனி உருகிய நீர் தேங்கிப் பர்னருக்குள் புகுந்திருக்கும். முதல் நாள் மாலையில் நண்பர்களை அழைப்பதற்கு முன்பாகவே, பகல் வெளிச்சத்தில் கற்களை அகற்றி, குழலையும் துளைகளையும் மெல்லிய தூரிகையால் துடைத்து, சவர்க்கார நீர்ச் சோதனையை மீண்டும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள்.