பெல்கிரேடுல செர்பியன் பேச வச்ச சந்தை

நியூஜெர்சிலேர்ந்து இங்க, செர்பியாவோட தலைநகர் பெல்கிரேடுக்கு வந்த எனக்கு பெரிய தொல்லை கிராமர் இல்லீங்க, திக்கித் திக்கி செர்பியன்ல ஆரம்பிச்சா போதும், காஃபி கடை பசங்க உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. அதுக்கப்புறம் தான் கலெனிச் சந்தைக்குப் போக ஆரம்பிச்சேன், அங்க காய் விக்கிற பாட்டிங்க நிறைய பேருக்கு இங்கிலீஷ் வராது, ஒரு கிலோ தக்காளின்னா கூட தக்காளிய நம்ம தமிழ்க் கணக்குல ஆறாம் வேற்றுமையில ('தக்காளியோட'ங்கிற மாதிரி) சொல்லணும், மாத்திச் சொன்னா சிரிச்சுக்கிட்டே திருத்திட்டு தான் பையை நீட்டுவாங்க. செர்பியன்ல மொத்தம் 7 வேற்றுமை, வீட்ல தமிழ் பேசி வளந்த எனக்கு அது பெருசா தெரியல, கூட வர்ற டெக்சாஸ்காரர் தான் பாவம். செர்பியன் எழுதுற சிரிலிக் லிபில 30 எழுத்து, டிராம்ல போறப்ப (2025லேர்ந்து ஃப்ரீ வேற) கடை போர்டு படிச்சே வந்துடுச்சு. இப்பல்லாம் பேக்கரில இங்கிலீஷ்ல கேட்டாலும் செர்பியன்லயே பதில் சொல்றேன், கொஞ்ச நேரத்துல அவங்களும் மாறிடுறாங்க.