மேக்ஸ்30102, ஈஎஸ்பி32: நாடித்துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் தொலைவிலிருந்து பார்க்க

ஊரில் இருக்கும் அம்மாவின் நாடித்துடிப்பும் ரத்த ஆக்சிஜன் அளவும் உங்கள் போனில் தெரியவேண்டும். அதற்கான எளிய கருவி இது. கற்றுக்கொள்வதற்கானது, மருத்துவக் கருவிக்கு மாற்று அல்ல. மூச்சுத்திணறல் இருந்தால் திரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வேண்டியவை: ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), மேக்ஸ்30102 சென்சார் (விரலில் ஒளி பாய்ச்சி துடிப்பையும் ஆக்சிஜனையும் அளப்பது), ஜம்பர் வயர் 4, நல்ல 5 வோல்ட் சார்ஜர், வெல்க்ரோ பட்டை. கேபிள் மட்டமானதாக இருந்தால் வைஃபை இணையும்போது போர்டு ரீசெட் ஆகும்.

1. சென்சாரின் விஐஎன்-ஐ 3.3 வோல்ட்டிலும், ஜிஎன்டி-யை ஜிஎன்டி-யிலும், எஸ்டிஏ-வை ஜிபிஐஓ 21-லும், எஸ்சிஎல்-ஐ 22-லும் இணையுங்கள். ஐ2சி ஸ்கேனரில் (இணைந்த சென்சாரின் முகவரியைத் தேடும் சிறு நிரல்) 0எக்ஸ்57 என்ற முகவரி வரவேண்டும். வராவிட்டால் வயரை மட்டும் சந்தேகிக்காதீர்கள். சில மலிவுப் போர்டுகளில் புல்-அப் மின்தடைகள் (சிக்னல் வயரை உயர் மின்னழுத்தத்தில் வைத்திருப்பவை) 1.8 வோல்ட்டோடு இணைந்திருக்கும். அதை ஈஎஸ்பி32 சரியாக உணராது. போர்டில் 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் சாலிடர் புள்ளி இருந்தால் மாற்றுங்கள்.

2. ஆர்டுயினோவில் (போர்டுக்கு நிரல் ஏற்றும் மென்பொருள்) ஸ்பார்க்ஃபன் மேக்ஸ்3010எக்ஸ் லைப்ரரியை நிறுவி, அதிலுள்ள ஆக்சிஜன் அளவுக்கான எடுத்துக்காட்டை ஏற்றுங்கள். நொடிக்கு 100 மாதிரிகள், நான்கின் சராசரி. ஆக நொடிக்கு 25. லைப்ரரியின் கணக்கு இந்த 25-ஐ நம்பியே எழுதப்பட்டது. சராசரியை 2 ஆக்கினால் நாடித்துடிப்பு பாதியாகத் தெரியும்.

3. விரல் வைப்பதில்தான் பலர் தோற்கிறார்கள். அழுத்தினால் ரத்த ஓட்டம் தடைபட்டு துடிப்பலை தட்டையாகும். தளர்ந்தால் எண்கள் தாவும். வெல்க்ரோவால் மிதமாகக் கட்டி, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூடுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள்.

4. திங்ஸ்பீக்கில் (தரவை இணையத்தில் சேமித்து வரைபடமாகக் காட்டும் சேவை) மூன்று ஃபீல்டு உள்ள சேனல் உருவாக்குங்கள்: துடிப்பு, ஆக்சிஜன், விரல் இருக்கிறதா. உடல்நலத் தகவல் என்பதால் சேனலைப் பொதுவில் திறக்கவேண்டாம். இலவசக் கணக்கில் 15 நொடிக்கு ஒருமுறைதான் பதிவாகும். 20 நொடி வைத்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்பு அளவு (விரல் இருந்தால் உயரும்) 50,000-க்கு மேல் இருந்து, லைப்ரரி தரும் இரண்டு செல்லுபடிக் குறிகளும் (துடிப்பும் ஆக்சிஜனும் நம்பத்தக்கவையா என்று சொல்பவை) 1 ஆக இருந்தால் மட்டும் எண்களை அனுப்புங்கள். விரல் இல்லையென்றால் மூன்றாவது ஃபீல்டில் 0 மட்டும் போகட்டும்.

அனுப்பும் நேரத்தில் போர்டு சென்சாரைப் படிக்காது. சென்சாரின் நினைவகம் 32 மாதிரிகளே கொள்ளும், 1.3 நொடியில் நிரம்பிவிடும். அதனால் ஒவ்வொரு முறை அனுப்பியபின்னும் பழைய 100 மாதிரிகளைக் கொட்டிவிட்டு, நான்கு நொடி புதிதாகச் சேகரியுங்கள்.

5. தரவே வராதபோது வரைபடத்தில் கடைசி எண் அப்படியே நிற்கும். பார்ப்பவர் அதை நம்பிவிடுவார், அதுதான் ஆபத்து. திங்ஸ்பீக்கின் ரியாக்ட் பகுதியில் (நிபந்தனை நிறைவேறினால் செயல்படுவது) "தரவு வரவில்லை" என்பதையே நிபந்தனையாக வைத்து, சில நிமிடம் கடந்தால் மின்னஞ்சல் வரும்படி அமையுங்கள். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அந்த மின்னஞ்சல் வருகிறதா என்று பாருங்கள்.