பல கட்டுமான சைட்டுகளுக்குத் தலைமைப் பொறுப்பு வந்தால் எப்படி நடத்துவது?

ஒரு சைட்டை நன்றாக நடத்தியவரை ஐந்தாறு சைட்டுகளுக்குப் பொறுப்பாகப் போட்டதும் அவர் செய்யும் முதல் தப்பு, பழைய வேலையையே தொடர்வதுதான். காலையில் போன் போட்டு இன்று எத்தனை ஆள், எத்தனை மூட்டை சிமென்ட் என்று கேட்பார். அதற்கு அங்கே புராஜெக்ட் மேனேஜர் இருக்கிறார், அவரை வேலை செய்ய விடுங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் நகராத விஷயங்கள் என்னென்ன என்று ஒரு பட்டியல் போட்டு வாராவாரம் பாருங்கள். லிஃப்ட், ஜெனரேட்டர் மாதிரியானவை ஆர்டர் கொடுத்து பல மாதங்கள் கழித்துத்தான் வந்து சேரும், அதனால் இன்று நீங்கள் தள்ளிப்போடும் ஒப்புதல் கட்டடம் முடியும் நேரத்தில்தான் வலிக்கும்.

ரிப்போர்ட்டில் "90% முடிந்தது" என்று இருந்தால் அப்படியே ஏற்காதீர்கள். "இன்னும் என்ன பாக்கி, யாரால் நிற்கிறது?" என்று கேளுங்கள். கதவு இன்னும் வரவில்லை, டிராயிங் திருத்தி வரவில்லை என்று உண்மை அப்போதுதான் வெளியே வரும்.

சைட்டுக்குப் போவதைக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாளாக வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கான்கிரீட் கட்டிகளை நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் டெஸ்டின் இறுதி முடிவு 28வது நாளில்தான் வரும், 7வது நாள் முடிவு ஒரு முன்னறிகுறி மட்டுமே, அதற்குள் மேலே அடுத்த தளமே ஏறியிருக்கலாம். ஆனால் முந்தைய நாள் கான்கிரீட்டைத் தாங்கப் பலகை அடித்த சென்ட்ரிங் மேல் ஏறிக் குனிந்து பார்த்தால், கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் நழுவிக் கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடப்பது கண்ணில் படும், கீழே இறங்கினால் சென்ட்ரிங்கைத் தாங்கும் முட்டு ஒன்று இளகிய மண்ணில் அடிப்பலகை இல்லாமல் நிற்பது தெரியும். அன்று அரைமணி நேரத்தில் சரிசெய்யலாம், கான்கிரீட் விழுந்த பிறகு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் மேஸ்திரியிடம் நேரடியாக உத்தரவு போடாதீர்கள், சைட் இன்ஜினியரை அழைத்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் நாளை அவர் சொல்லை யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் பில். சப் கான்ட்ராக்டருக்குப் பணம் இழுத்தடித்தால் அவர் சண்டை போட மாட்டார், நல்ல ஆட்களை மெதுவாக வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார். ஆள் குறைகிறது என்ற புகார் வந்தால் முதலில் உங்கள் அலுவலகத்தில் எந்த பில் தூங்குகிறது என்று பாருங்கள்.

சாரத்தில் கைப்பிடி இல்லை என்று ஒரு இளம் இன்ஜினியர் வேலையை நிறுத்தினால், "ஷெட்யூல் என்ன ஆவது?" என்பது உங்கள் முதல் கேள்வியாக இருக்கக்கூடாது. அவர் செய்தது சரி என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். வேலை நின்று போன அந்த நாளுக்கான பதிலை உரிமையாளரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள், அந்த இன்ஜினியரை அனுப்பாதீர்கள்.