நாய்க்கு தெள்ளுப்பூச்சி, ஹார்ட்வார்ம்: எதுக்கு இயற்கை வழி, எதுக்கு மருந்து

முதல்ல ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்காதீங்க. தெள்ளுப்பூச்சி தோல் மேல இருக்கு, கண்ணுல படும், சீப்புல மாட்டும், அதனால மருந்து இல்லாமலும் ஓரளவு குறைக்கலாம். ஹார்ட்வார்ம் கொசு கடிச்சு உள்ள போற புழு, நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல தங்கி ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும், நாய் இருமி இளைக்க ஆரம்பிக்கிற வரைக்கும் வெளிய ஒண்ணுமே தெரியாது. இதைத் தடுக்குற மூலிகைனு நிரூபணமானது எதுவுமே இல்ல, இந்த ஒரு விஷயத்துல தயவுசெஞ்சு ரிஸ்க் எடுக்காதீங்க.

தெள்ளு இருக்கான்னு பாக்க, வால் அடியில நெருக்கமான சீப்பால வாரி, வர்ற கறுப்புத் துகளை ஈர டிஷ்யூல வைங்க. செம்பழுப்பா ஊறினா அது தெள்ளோட கழிவு, அதுல இருக்கிறது உங்க நாயோட ரத்தம். சீப்பை உடனே சோப்புத் தண்ணில முக்குங்க. ஆனா நாய் மேல இருக்கிறது கொஞ்சம்தான், முட்டை எல்லாம் உதிர்ந்து படுக்கை, கார்ப்பெட், சோபா இடுக்குனு வீடு முழுக்க கிடக்கும், அதனால வாரா வாரம் படுக்கையை வெந்நீர்ல துவைச்சு தரையை வேக்குவம் பண்ணணும். தெள்ளுப்புழு கட்டுற கூட்டுக்குள்ள இருக்கிறது மாசக்கணக்குல காத்திருந்து வெளிய வரும், அதான் மருந்து போட்டும் ரெண்டு வாரம் கழிச்சு புதுசா தெரியுது, மருந்து வேலை செய்யலன்னு அப்பவே நிறுத்திடுறாங்க. மூணு மாசமாவது விடாம பண்ணுங்க, வீட்ல இருக்கிற எல்லா நாய் பூனைக்கும் சேர்த்து.

தெள்ளுக்கு இயற்கை வழின்னு பூண்டு குடுக்கவே குடுக்காதீங்க, சிவப்பணுவை உடைக்கும். டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம். பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து பூனை மேல பட்டா பூனை செத்தே போகலாம். தெள்ளு மாத்திரைல அஃபாக்சோலானர், ஃப்ளூரலானர் மாதிரி வகை நல்லா வேலை செய்யும், ஆனா சில நாய்க்கு வலிப்பு வந்திருக்கு, உங்க நாய்க்கு முன்னாடி ஃபிட்ஸ் வந்திருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.

ஹார்ட்வார்முக்கு வருவோம். ஏழு மாசத்துக்கு மேல ஆன நாய்னா முதல்ல ரத்த டெஸ்ட், ஏன்னா ஏற்கனவே புழு இருந்து தடுப்பு மாத்திரை குடுத்தா ரத்தத்துல இருக்கிற குட்டிப்புழு மொத்தமா செத்து ரியாக்‌ஷன் வரலாம். நாய்க்குட்டிக்கு எட்டு வாரத்துக்குள்ளயே மாத்திரை ஆரம்பிச்சிடலாம். மாசாந்திர மாத்திரை வரப்போற புழுவைத் தடுக்கிறதில்ல, போன 30 நாள்ல உள்ள வந்த லார்வாவைக் கொல்லுது, அதான் தேதி தவறக் கூடாதுன்னு சொல்றது. புழு வளர்ந்துட்டா ஆர்சனிக் கலந்த ஊசி போட்டு, மாசக்கணக்கா ஓட விடாம அடைச்சு வைக்கணும், அதைப் பாக்கவே மனசு தாங்காது.

மாட்டுக்குப் போடுற ஐவர்மெக்டின்ங்கிற புழு மருந்தை அளந்து நாய்க்குக் குடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். தடுப்பு டோஸ் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம்தான், 10 கிலோ நாய்க்கு 1% மருந்துல 0.006 மில்லி, அதை எந்த சிரிஞ்சாலயும் ஒழுங்கா அளக்க முடியாது. கோலி இனத்துல நிறைய நாய்க்கு மரபணுலயே ஒரு குறை உண்டு, அதுக்கு டோஸ் எகிறினா கோமா வரைக்கும் போகும்.

மாத்திரை ஒரு மாசம் தவறிட்டா ஞாபகம் வந்ததும் டாக்டரைக் கேளுங்க, ஆறு மாசம் கழிச்சு டெஸ்டும் எடுங்க, அதுக்கு முன்னாடி எடுத்தா காட்டாது. மாத்திரையை முழுங்கிச்சான்னு நின்னு பாருங்க, நிறைய நாய் வாயோரத்துல வச்சிருந்து அப்புறம் துப்பிடும்.