மெக்ரிட்சிக்குப் போகும்போது முறுக்குப் பொட்டலம் எதற்கு?

போன ஜூன் பள்ளி விடுமுறையில் கும்பகோணத்திலிருந்து சித்தி குடும்பம் சிங்கப்பூர் வந்திருந்தது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்துக்கு அழைத்துப் போனேன். காட்டுப் பாதையில் கொஞ்ச தூரம்தான் நடந்திருப்போம். சித்தியின் கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பை. உள்ளே தேக்காவில் வாங்கிய முறுக்கும் வாழைப்பழமும். மரத்திலிருந்து இறங்கிய நீண்டவால் குரங்கு ஒன்று நேராக வந்து பையைப் பிடித்து இழுத்தது. சித்தி அலறிக்கொண்டு பையை நெஞ்சோடு அணைத்தார். குரங்கு வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. பின்னால் இன்னும் நான்கு வந்தன. “பையை விட்டுடுங்க சித்தி” என்று நான் கத்திய பிறகுதான் விட்டார். யாருக்கும் கடி படவில்லை. ஆனால் சித்தியின் ஆறு வயது மகன் அதற்கப்புறம் அம்மாவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

கிளம்புவதற்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காக்கைக்கு ஒரு பிடி வைத்துவிட்டுச் சாப்பிடும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். குரங்கைக் கண்டால் ஆஞ்சநேயர் நினைவு வரும், கையில் இருப்பதைக் கொடுக்கத் தோன்றும். அந்த மனசு நல்ல மனசுதான். ஆனால் இங்கே அது குரங்குக்குக் கேடாகத்தான் முடிகிறது. காட்டில் அத்திப்பழமும் இளந்தளிரும் பூச்சியும் தேடித் தின்கிற விலங்கு அது. பழத்தைக் கன்னப் பையில் அடக்கிக்கொண்டு போய் வேறோர் இடத்தில் கொட்டையைத் துப்பும், அங்கே ஒரு மரம் முளைக்கும். மனிதர் கையிலிருந்து சோறு கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால் அது காட்டோரத்துக்கும் சாலையோரத்துக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. காரில் அடிபடுகிறது, வீடுகளுக்குள் நுழைகிறது. அப்புறம் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கிறார்கள், கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டிய நிலை வருகிறது. நாம் கொடுத்த ஒரு வாழைப்பழத்தில் தொடங்குவது இப்படிப் போய் முடியும்.

சட்டமும் கடுமையானது. 2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, காட்டு விலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறை 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புறாவுக்கு அரிசி போடுவதும் இதில் அடங்கும்.

ஆகவே சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை ஜிப் வைத்த முதுகுப் பைக்குள் போடுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உள்ளே குடைதான் இருக்கிறது என்பது குரங்குக்குத் தெரியாது, பை என்றாலே அதற்குச் சாப்பாடு. கிட்டே வந்தால் ஓடாதீர்கள், கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், கல்லையோ குச்சியையோ எடுக்காதீர்கள். நிதானமாக விலகி நடங்கள். குரங்கு பல்லைக் காட்டுவது சிரிப்பு இல்லை, பயமாகவோ எச்சரிக்கையாகவோ இருக்கும். பிள்ளைகள் பதிலுக்குப் பல்லைக் காட்டிச் சிரிப்பார்கள், அதை முதலிலேயே சொல்லித் தடுத்துவிடுங்கள்.

அடுத்தது நேரம். முதுமலையில் ஜீப்பில் போய்ப் பழகியவர்கள் இங்கேயும் அப்படி ஒரு வண்டி வரும் என்று நினைக்கிறார்கள். மண்டாயில் உள்ள விலங்குத் தோட்டமும் நைட் சஃபாரியும் வேறு. புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர் ஆகிய நான்கு இயற்கை வனப்பகுதிகளிலும் நம் கால்தான் வண்டி. காலை ஏழு மணிக்கு உள்ளே இருந்தால் பறவையும் அணிலும் கண்ணில் படும். பதினொரு மணிக்குப் போய்விட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்கள்தான் அதிகம். அந்த வெயிலில் எந்த விலங்கு வெளியே வரும்?

கடலோரச் சதுப்புநிலமான சுங்கை பூலோவுக்கு மணியோடு மாதத்தையும் கடலையும் பார்க்க வேண்டும். சைபீரியா வரையுள்ள வடநாடுகளிலிருந்து உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் இங்கே வருவது செப்டம்பர் முதல் மார்ச் வரை. ஜூன் விடுமுறையில் போய்ப் பறவைக் கூட்டத்தைத் தேடினால் ஏமாற்றம்தான். உடும்பு, சேற்றில் தாவும் மீன், அதிர்ஷ்டம் இருந்தால் முதலை என்று பார்க்க வேறு இருக்கிறது. வலசைப் பருவத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடல் வற்றும்போது பறவைகள் வெளியே சேற்றுப் பரப்பில் இரை தேடப் போய்விடும். நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கும்போதுதான் உள்ளே குளங்களுக்கு வந்து கூட்டமாக ஓய்வெடுக்கும். ஆகவே அங்கே நீர் ஏறிய நேரம் நல்லது. புலாவ் உபின் தீவின் கரையில் இருக்கும் செக் ஜாவாவுக்கு இதற்கு நேர்மாறு. நட்சத்திர மீனும் நண்டும் பார்க்க வேண்டுமானால் கடல்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. அதைப் பார்க்காமல் சாங்கியிலிருந்து படகு ஏறாதீர்கள்.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது படம் எடுக்கும் ஆசை. நீர்நாய்க் குடும்பம் கரையேறினால் போதும், பத்துப் பேர் கைப்பேசியோடு சுற்றி நின்றுவிடுகிறார்கள். குட்டிகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம், நடுவில் நாம். சிங்கப்பூரில் காணாமல் போயிருந்த நீர்நாய்கள் 1990களின் இறுதியில்தான் திரும்பி வந்தன. அவற்றை நம் ஊரிலேயே பார்ப்பது எவ்வளவு பெரிய பேறு! ஆனால் அது காட்டு விலங்கு, பல் கூர்மை. 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் அதிகாலை நடைக்குப் போன ஒருவரை ஒரு கூட்டம் பல இடங்களில் கடித்தது. தள்ளி நில்லுங்கள். ஜூம் செய்து எடுத்துக்கொள்ளலாம். நாயைக் கூட்டிப் போயிருந்தால் வாரைக் குட்டையாகப் பிடியுங்கள். ஆந்தையின் முகத்தில் பிளாஷ் அடிப்பதும், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் குருவியை வரவழைப்பதும் கூடாது. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று பதறி, கூட்டை விட்டு அது வெளியே வருகிறது. நமக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டும்.

காட்டுப்பன்றி எதிர்ப்பட்டால் அதற்குப் போக வழி விட்டு மெல்லப் பின்வாங்குங்கள். பாம்புக்கும் அதே. முதலை சுங்கை பூலோவில் கரையிலேயே படுத்திருக்கும். கட்டையென்று நினைத்து நீரோரம் இறங்கிவிடாதீர்கள்.

பாதையை விட்டு இறங்குவதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். புக்கிட் தீமா குன்று 163 மீட்டர்தான், ஆனால் அதில் ஏறும் கால்கள் ஏராளம். மிதிபட்ட மண் இறுகிப்போகிறது, மழைநீர் உள்ளே இறங்குவதில்லை, சரிவு அரிக்கிறது, நாற்று எழும்புவதில்லை. சரிவையும் பாதைகளையும் செப்பனிட 2014 முதல் 2016 வரை அந்தக் காட்டை மூட வேண்டியிருந்தது. பாதை விலகினால் 2,000 வெள்ளி வரை அபராதம். குறுக்குவழி ஒன்று கண்ணில் பட்டால், அது யாரோ தவறாகப் போன தடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடி கேட்டால் திரும்பிவிடுங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பமாகப் போனால் பேச்சு வரும், அது இயல்பு. ஆனால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் ராஃபிள்ஸ் லங்கூரைப் பார்க்க வாய்ப்பே இல்லை. கறுப்பு உடம்பும் வெள்ளை வயிறுமாக உச்சிக் கிளைகளில் வாழும் அந்தக் குரங்கு, சிங்கப்பூரில் நூறுகூட இல்லை. கிளை அசையும் ஓசையை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும்.

அடிபட்ட விலங்கையோ, கீழே விழுந்த குஞ்சையோ பார்த்தால் வீட்டுக்குத் தூக்கி வராதீர்கள். பறக்கப் பழகும் குஞ்சாக இருந்தால் தாய் பக்கத்துக் கிளையிலேயே இருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் 1800-476-1600 என்ற எண்ணை அழைத்து, எந்தப் பாதை, பக்கத்தில் என்ன அறிவிப்புப் பலகை என்று சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை தள்ளி நின்று, மற்றவர்கள் நெருங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.